எளியோர் ஈந்த பஞ்ச நிதி: அயர்லாந்து 1847, சென்னை 1877

பஞ்சங்களின் வரலாறு பெரும்பாலும் அரசாங்கங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆளுநர்களின் அறிக்கைகள், ஆணைக்குழுக்களின் பரிந்துரைகள், தானிய விலைப் பட்டியல்கள் ஆகியவையே வரலாற்றாசிரியனுக்கு எளிதில் கிடைக்கும் சான்றுகள். ஆயினும் ஒவ்வொரு பெரும் பஞ்சத்தின்போதும் இன்னுமொரு வகை ஏடு எழுதப்பட்டது. அதுவே நிவாரண நிதிக்குப் பணம் கொடுத்தோரின் பெயர்ப்பட்டியல். அதன் தலைப்பில் அரசரும் பிரபுக்களும் வங்கி முதலாளிகளும் நிற்பார்கள். அடியில், பெயரின்றி, சில்லறைக் காசுகளாக, எளிய மக்களின் கொடைகள் நிற்கும். அந்தப் பட்டியலின் அடிப்பகுதியை நோக்கியே இக்கட்டுரையில் நம் கவனத்தைச் செலுத்த விரும்புகிறோம்.

இதற்கெனப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரு பஞ்சங்களை எடுத்துக்கொள்கிறோம். ஒன்று 1845-இல் தொடங்கிய அயர்லாந்துப் பஞ்சம். மற்றது 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சம். இரண்டும் ஒரே பேரரசின் ஆட்சிக்குள் நிகழ்ந்தவை. இரண்டிலும் ஒரே வகைப் பொருளாதாரக் கொள்கை தலைதூக்கி நின்றது. இரண்டிலும் கடல் கடந்து, முன்பின் அறியாத மாந்தர் பணம் அனுப்பினர். எளியோரின் கொடை எதைச் சாதித்தது, எதைச் சாதிக்க இயலவில்லை, அதை நாம் எவ்வாறு நினைவுகூர வேண்டும் என்னும் மூன்று வினாக்களே நம்முன் உள்ளன.

1. அயர்லாந்தில் நிகழ்ந்தது

பஞ்சத்திற்கு முன் அயர்லாந்தின் உழைக்கும் மக்களில் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் உருளைக்கிழங்கை நம்பியே உயிர் வாழ்ந்தனர். நிலம் பெரும்பாலும் நிலப்பிரபுக்களுக்கு உரியது. உழவன் சிறு துண்டு நிலத்தில் கிழங்கு பயிரிட்டுக் குடும்பத்தைக் காத்தான். தானியமும் கால்நடையும் குத்தகைக்கும் ஏற்றுமதிக்கும் சென்றன. 1845-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஒருவகை அழுகல் நோய் கிழங்குச் செடிகளைத் தாக்கியது. 1846-இல் பயிர் ஏறக்குறைய முழுமையும் அழிந்தது. தொடர்ந்து வந்த ஆண்டுகளில் பசியும் அதனைப் பின்தொடர்ந்த காய்ச்சலும் ஏறத்தாழ 10 இலட்சம் பேரை மாய்த்தன. அதற்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டு வெளியேறினர். 1841-இல் 81 இலட்சத்தைக் கடந்திருந்த மக்கள்தொகை 1851-இல் 66 இலட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது.

நோய் இயற்கையினால் வந்தது. ஆனால் அது பஞ்சமாக மாறியது இயற்கையினால் மட்டும் அன்று. மக்கள் மடிந்துகொண்டிருந்தபோதே அயர்லாந்தின் துறைமுகங்களிலிருந்து உணவுப் பொருள்கள் ஏற்றுமதியாயின. வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்னும் கொள்கை இலண்டன் ஆட்சியாளரின் மனத்தில் வேரூன்றியிருந்தது. அக்கொள்கையைச் செயற்படுத்தியவர்களில் முதன்மையானவர் கருவூலத் துறையின் செயலராய் இருந்த சார்லஸ் டிரெவெல்யன். பஞ்சத்தை இறைவனின் திட்டமாகவே கண்டு அவர் 1848-இல் எழுதினார். பின்னர் 1859-இல் சென்னை மாகாணத்தின் ஆளுநராக வந்தவரும் இவரே என்பதைத் தமிழ் வாசகர் நினைவில் கொள்வது தகும்.

2. நிதி திரண்ட விதம்

அயர்லாந்துக்கு வெளிநாட்டிலிருந்து முதலில் நிதி திரட்டியோருள் நம் நாட்டின் கல்கத்தா நகரத்தாரும் அடங்குவர். 1846-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே அங்கு ஒரு குழு அமைந்தது. கிழக்கிந்தியப் படையில் பணியாற்றிய அயர்லாந்துப் போர்வீரர் தம் சம்பளத்திலிருந்து கொடுத்தனர்; அவர்களோடு இந்தியச் செல்வரும், சிப்பாய்களும், வீட்டுப் பணியாளரும் கொடுத்தனர். ஏறத்தாழ 14,000 பவுன் இவ்வாறு சேர்ந்தது. பிறரைக் காக்கும் நாடாக இந்தியாவை அக்காலத்தில் எவரும் எண்ணியதில்லை. ஆயினும் பணம் இங்கிருந்து அங்கே சென்றது.

1847-ஆம் ஆண்டின் முதல் நாளில் இலண்டன் வங்கியாளர் சிலர் கூடிப் பிரித்தானிய நிவாரணச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். விக்டோரியா அரசி 2,000 பவுன் கொடுத்தார். அரசியின் பெயரால் ஒரு வேண்டுகோள் தேவாலயங்களில் வாசிக்கப்பட்டது. அதன் விளைவாக மட்டும் 1,70,000 பவுனுக்கு மேற்பட்ட காணிக்கை திரண்டது. சங்கத்திற்கு வந்த மொத்தத் தொகை ஏறத்தாழ 4,70,000 பவுன். அதில் ஆறில் ஐந்து பங்கு அயர்லாந்துக்கும், ஒரு பங்கு அதே நோயினால் வாடிய ஸ்காட்லாந்து மலைநாட்டுக்கும் சென்றது. துருக்கிய சுல்தான் அப்துல் மஜீது 1,000 பவுன் அனுப்பினார். ஒன்பதாம் பயஸ் போப்பு தாமும் கொடுத்து, உலகெங்குமுள்ள கத்தோலிக்கரையும் கொடுக்குமாறு 1847 மார்ச்சில் சுற்றுமடல் விடுத்தார்.

இவர்கள் பெயர்கள் பட்டியலின் தலைப்பில் உள்ளவை. அடிப்பகுதியில் வேறுவகை மனிதரைக் காண்கிறோம். நியூயார்க் மாநிலத்தின் சிங் சிங் சிறைக்கைதிகள் தம் சிறு பணத்தைச் சேர்த்துக் கொடுத்தனர். இங்கிலாந்தின் வுல்விச்சில் நிறுத்தப்பட்டிருந்த சிறைக்கப்பலின் கைதிகள் சில ஷில்லிங்குகளைத் திரட்டினர். வர்ஜீனியாவின் ரிச்மண்டு நகரில், அடிமைகளும் விடுதலை பெற்ற கறுப்பரும் ஒருங்கே உறுப்பினராயிருந்த முதலாம் ஆப்பிரிக்கப் பாப்திஸ்து சபை அயர்லாந்துக்கெனக் காணிக்கை எடுத்தது. தம் உடலின் மீதே சட்டப்படி உரிமை அற்றவர்கள், தம் கைக்கு எட்டிய காசின் மீது இருந்த உரிமையை இவ்வாறு பயன்படுத்தினர்.

பணம் இல்லாதோர் உழைப்பைக் கொடுத்தனர். பாஸ்டன் நகரில் திரட்டப்பட்ட உணவுப் பொருள்களைக் கொண்டுசெல்ல, மெக்சிகோவுடன் போர் நடந்துகொண்டிருந்த வேளையிலும், ஜேம்ஸ்டவுன் என்னும் போர்க்கப்பலை அமெரிக்கப் பாராளுமன்றம் இரவல் கொடுத்தது. நகரின் கூலித் தொழிலாளர் அதில் கூலியின்றி மூட்டைகளை ஏற்றினர். ஏறத்தாழ 800 டன் பொருளுடன் 1847 மார்ச் 28-இல் புறப்பட்ட கப்பல், இரு வாரங்களுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் கார்க் துறைமுகத்தை அடைந்தது.

3. சாக்டா மக்களின் 170 டாலர்

இக்கொடைகள் யாவற்றிலும் பிற்காலத்தார் மிகுதியாகப் பேசுவது அமெரிக்க ஆதிக்குடிகளாகிய சாக்டா மக்களின் கொடையே. அதன் பின்னணியைச் சிறிது விரித்துரைப்பது தேவையாகிறது.

சாக்டா மக்களின் தாயகம் மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்பகுதி நாடு. 1830-இல் இயற்றப்பட்ட குடியகற்றல் சட்டத்தைத் தொடர்ந்து, அவ்வாண்டு செப்டம்பரில் செய்யப்பட்ட ஓர் உடன்படிக்கையால் அவர்கள் தம் நிலத்தை இழந்தனர். 1831 முதல் 1833 வரை, கூட்டங்கூட்டமாக மேற்கே, இன்றைய ஒக்லஹோமா மாநிலத்திற்கு அனுப்பப்பட்டனர். முதற்பயணம் கடுங்குளிர் காலத்தில் நிகழ்ந்தது. உணவும் உடையும் வண்டியும் போதவில்லை. பின்னர் வாந்திபேதியும் பரவியது. வழியில் மாண்டோர் ஆயிரக்கணக்கினர். கண்ணீர்ப் பாதை என்று இன்று உலகம் அறிந்த பெயர் இத்தகைய பயணங்களுக்கே வழங்குகிறது.

இது நிகழ்ந்து பதினைந்து ஆண்டுகள் கழியவில்லை. 1847 மார்ச் 23-ஆம் நாள், ஸ்கலிவில் என்னும் ஊரிலிருந்த சாக்டா முகவர் நிலையத்தில் ஒரு கூட்டம் நடந்தது. அரசாங்க முகவரான வில்லியம் ஆம்ஸ்ட்ராங் தலைமை வகித்தார். மெம்பிஸ் நகர நிவாரணக் குழுவின் சுற்றறிக்கை வாசிக்கப்பட்டது. கூடியிருந்தோர் 170 டாலர் திரட்டினர். அக்கால மாற்று விகிதத்தில் அது ஏறத்தாழ 35 பவுன். அப்பணம் மெம்பிஸ் வழியாக நியூயார்க் குழுவை அடைந்து, அங்கிருந்து அயர்லாந்துக்குச் சென்றது.

இங்கே நாம் இரண்டு செய்திகளைக் கவனமாகக் குறிக்க வேண்டும். முதலாவது, அக்கூட்டத்தில் சாக்டா மக்கள் மட்டும் இருக்கவில்லை. அரசாங்க முகவர்களும், அருட்பணியாளரும், வணிகரும் இருந்தனர், எல்லாரும் கொடுத்தனர். தொகையில் கணிசமான பகுதியைக் கொடுத்தவர் சாக்டா மக்களே என்று ஆர்க்கன்சா மாநிலச் செய்தித்தாள் அப்போதே எழுதியது. ஆகவே 170 டாலர் முழுவதையும் அவர்கள் பெயரில் எழுதுவது மிகையாகும். அவர்கள் பங்கைக் குறைப்பதும் பிழையாகும். இரண்டாவது, இருபதாம் நூற்றாண்டில் வெளிவந்த ஒரு வரலாற்று நூலில் 170 என்பது 710 என மாறி அச்சாயிற்று. அந்நூலின் மதிப்புக் காரணமாகப் பிழையான எண் பல்லாண்டுகள் உலவியது. நற்செயலைப் போற்றுவோர் எண்ணைப் பெரிதாக்க விரும்புவது இயல்பு. ஆனால் 35 பவுன் என்னும் சிறுமையே இக்கொடையின் பொருளை விளக்குகிறது. அது அயர்லாந்தின் பசியைத் தீர்க்கும் எண்ணத்தோடு கொடுக்கப்பட்டதன்று. நிலம் பறிக்கப்பட்டுப் பசித்து நடந்தவர்கள், நிலமின்றிப் பசித்துக் கிடந்தவர்களின் செய்தியைக் கேட்டபோது அது தம் செய்தியே என்று உணர்ந்தனர் என்று கொள்வதில் தவறில்லை.

4. நிதி வற்றிய காலம்

எளியோரின் கொடையைப் போற்றுவதோடு கட்டுரையை முடித்துவிட்டால் நாம் வரலாற்றுக்கு நேர்மையாக நடந்தவர்கள் ஆக மாட்டோம். கொடைகள் யாவும் ஏறத்தாழ ஓராண்டுக்குள் வந்து குவிந்தன, பின் வற்றிப்போயின.

1847-ஆம் ஆண்டின் கோடையில் அரசாங்கமே கஞ்சித் தொட்டிகளைத் திறந்தது. ஜூலையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 இலட்சம் பேர் அவற்றில் உணவு பெற்றனர். அரசு மனம் வைத்தால் மக்களுக்கு உணவூட்ட முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. ஆனால் அவ்வாண்டு அறுவடை நோயின்றி வந்ததைக் கண்டு, பஞ்சம் முடிந்தது என்று ஆட்சியாளர் கருதினர். அறுவடையின் அளவோ மிகச் சிறிது. ஏனெனில் விதைக்கிழங்கையும் மக்கள் உண்டுவிட்டிருந்தனர். கஞ்சித் தொட்டிகள் மூடப்பட்டன. ஏழைகளைக் காக்கும் பொறுப்பு அயர்லாந்தின் உள்ளூர் வரியின் மீது சுமத்தப்பட்டது. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்போர் அதை விட்டுக்கொடுத்தாலன்றி உதவி பெற முடியாது என்று சட்டம் விதித்தது. உணவுக்காக நிலத்தையும், நிலத்தோடு வீட்டையும் இழந்தோர் எண்ணிலர்.

பஞ்சம் முடிந்தது என்ற அறிவிப்பைக் கொடுப்போரும் நம்பினர். 1847 அக்டோபரில் அரசியின் பெயரால் இரண்டாம் வேண்டுகோள் தேவாலயங்களில் வாசிக்கப்பட்டபோது ஏறத்தாழ 30,000 பவுன் மட்டுமே சேர்ந்தது. முதல் வேண்டுகோளுக்குக் கிடைத்ததில் அது ஐந்தில் ஒரு பங்கும் இல்லை. இங்கிலாந்தில் வணிக நெருக்கடி தோன்றியிருந்தது ஒரு காரணம். அயர்லாந்து மக்கள் சோம்பேறிகள் என்று செய்தித்தாள்கள் இடைவிடாது எழுதியது மற்றொரு காரணம். துயரம் நீடிக்க நீடிக்க, துயருறுவோரையே குற்றவாளிகளாகக் காணும் மனநிலை வளர்வதை இங்கு காண்கிறோம்.

இக்காலத்தில் குவேக்கர் என்னும் நண்பர் சபையார் நடந்துகொண்ட விதம் குறிப்பிடத்தக்கது. 1846 நவம்பரில் டப்ளினில் அவர்கள் அமைத்த மையக்குழு, ஏறத்தாழ 2,00,000 பவுன் மதிப்புள்ள உதவியைப் பகிர்ந்தளித்தது. அவர்கள் நேரில் சென்று கண்டு அறிக்கை எழுதினர்; கஞ்சிக் கொப்பரைகளையும், விதைகளையும், மீனவருக்கு வலைகளையும் கொடுத்தனர். உழைப்பின் மிகுதியால் அவர்களுள் சிலர் நோயுற்று மடிந்தனர். ஆயினும் 1849-இல் பணியைத் தொடருமாறு அரசு கேட்டபோது, அவர்கள் செயலரான ஜோனத்தன் பிம் மறுத்தெழுதினார். துயரத்தின் அளவு தனியார் முயற்சிக்கு அப்பாற்பட்டது; அரசாங்கம் ஒன்றே அதற்கு வேண்டிய நிதியைத் திரட்டி மக்களைக் காக்க முடியும் என்பதே அம்மறுமொழியின் சாரம். மிகுதியாகக் கொடுத்தவர்களே, கொடை நீதியின் இடத்தை நிரப்பாது என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். அயர்லாந்துப் பஞ்சத்தின் ஏடுகளில் இதனினும் துணிவான சான்றைக் காண்பது அரிது.

5. தாது வருஷப் பஞ்சம்

முப்பது ஆண்டுகளுக்குப்பின், 1876-இல் பருவமழை பொய்த்தது. சென்னை மாகாணம், மைசூர், ஐதராபாத், பம்பாய் மாகாணத்தின் பகுதிகள் ஆகியவை பஞ்சத்தில் வீழ்ந்தன. தமிழ் மக்கள் அதனைத் தாது வருஷப் பஞ்சம் என்று நினைவில் வைத்தனர். மடிந்தோர் தொகை 50 இலட்சத்துக்கு மேற்பட்டது என்பது பல ஆய்வாளரின் கணிப்பு. இங்கும் தானிய வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்னும் கொள்கை நின்றது. இங்கும் புகைவண்டிகளும் கப்பல்களும் தானியத்தை விலை மிகுந்த இடத்திற்கு எடுத்துச் சென்றன. செலவைக் குறைக்கும்பொருட்டு அனுப்பப்பட்ட சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் சிறு காசும் போதும் என்று 1877 தொடக்கத்தில் கூலியை நிர்ணயித்தார். இது உயிரைக் காக்கப் போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் மருத்துவர் கார்னிஷ் வாதாடினார். சில மாதங்களுக்குப் பின்னரே கூலி உயர்ந்தது.

1877 ஆகஸ்டு 4-இல், ஆளுநர் பக்கிங்காம் கோமகன் தலைமையில் சென்னையில் ஒரு பொதுக்கூட்டம் கூடியது. பிரித்தானிய, அயர்லாந்து நகரங்களின் மேயர்களுக்குத் தந்தி மூலம் வேண்டுகோள் அனுப்பப்பட்டது. இவ்வேண்டுகோளை வைஸ்ராய் லிட்டன் விரும்பவில்லை. பிறரிடம் கையேந்துவது அரசின் தோல்வியை ஒப்புக்கொள்வதாகும் என்று அவர் கருதினார். ஆனால் மக்கள் கொடுத்தனர். இலண்டன் மேயரின் மாளிகை நிதிக்கும் பிற நகர நிதிகளுக்கும், ஆஸ்திரேலியக் குடியேற்றங்களிலிருந்தும், சில மாதங்களில் ஏறத்தாழ 8,00,000 பவுன் சேர்ந்தது. தேவாலயக் காணிக்கைத் தட்டுகளில் விழுந்ததும், தொழிற்சாலைகளில் வசூலானதும் அதில் அடங்கும். முன்பு கல்கத்தாவிலிருந்து உதவி பெற்ற அயர்லாந்தும் இப்போது கொடுப்போர் பட்டியலில் இடம்பெற்றது.

நிதிக்குழுவின் கௌரவச் செயலராய் இருந்தவர் செய்தியாளர் வில்லியம் டிக்பி. அவர் 1878-இல் வெளியிட்ட இரு பெரும் தொகுதிகள் இப்பஞ்சத்தின் வரலாற்றுக்கு இன்றும் அடிப்படைச் சான்றாக விளங்குகின்றன. பணம் எவ்வாறு செலவிடப்பட்டது என்பதை அவற்றில் காண்கிறோம். பசித்தோருக்கு உணவளிப்பது அரசின் கடமை. அக்கடமையை நன்கொடைப் பணத்தால் நிறைவேற்றலாகாது என்று எல்லை வகுக்கப்பட்டது. ஆகவே நிதியின் பெரும்பகுதி, மழை திரும்பியபின் உழவர் மீண்டும் எழுந்து நிற்கும்பொருட்டு விதை, உழவு மாடு, குடிசைக்குக் கூரை, உடை ஆகியவற்றுக்குச் சென்றது. அனாதைக் குழந்தைகளுக்கும், வெளியே வந்து கையேந்தக் கூசிய பெண்களுக்கும் தனியே உதவி செய்யப்பட்டது. பிம் 1849-இல் எழுப்பிய குரலை எண்ணுகையில், இவ்வெல்லை கொள்கையளவில் சரியானதே. ஆனால் அரசு தன் கடமையை உரிய காலத்தில் ஆற்றியதா என்பது வேறு வினா. நிதி திரளத் தொடங்குமுன்பே இலட்சக்கணக்கானோர் மாண்டுவிட்டனர். 1878-இல் ஓர் ஆணைக்குழு அமைக்கப்பட்டு, அதன் விளைவாகப் பஞ்ச நிவாரண விதித்தொகுப்புகள் உருவாயின. உயிரைக் காப்பது அரசின் பொறுப்பு என்பது ஏட்டில் ஏற, இத்தனை உயிர்கள் விலையாக வேண்டியிருந்தது.

6. உணவும் சமயமும்

திருச்சபை வரலாற்றைக் கற்போர் விலகிச் செல்லக் கூடாத ஒரு பகுதி இங்கு உண்டு. அயர்லாந்துப் பஞ்சத்தின்போது புராட்டஸ்டண்டு அருட்பணியாளர் சிலர், கத்தோலிக்க ஏழைகளுக்கு உணவளிப்பதையும் அவர்களைத் தம் சபைக்கு இழுப்பதையும் பிரிக்கவில்லை. அவர்கள் நடத்திய பள்ளிகளில் கஞ்சி குடித்த பிள்ளைகளும் பெற்றோரும் கஞ்சிக்காகச் சமயம் மாறியோர் என்று ஊராரால் இகழப்பட்டனர். இகழ்ச்சி பெயரில் ஒட்டிக்கொண்டு பல தலைமுறை தொடர்ந்தது. எல்லா அருட்பணியாளரும் இவ்வாறு செய்யவில்லை. இரு சபைக் குருக்களும் தோளோடு தோள் நின்று உழைத்து ஒரே காய்ச்சலில் மடிந்த ஊர்களும் உண்டு. ஆயினும் சிலர் விதித்த நிபந்தனையின் நிழல் எல்லார் மீதும் விழுந்தது. நிபந்தனை ஏதுமின்றிக் கொடுத்த குவேக்கர்களின் பெயரோ அந்நாட்டில் இன்றளவும் நன்றியோடு சொல்லப்படுகிறது.

தென்னாட்டிலும் இவ்வினா எழுந்தது. திருநெல்வேலியில் அப்போது பேராயராய் இருந்த கால்டுவெல் அயர்லாந்தின் ஆண்டிரிம் வட்டாரத்தில் பிறந்தவர். 1877, 1878 ஆண்டுகளில் அவர் பணிக்களத்தில் ஆயிரக்கணக்கானோர் சபையைத் தேடி வந்தனர். அவர்கள் பசியினால் வந்தனரா, தம்மை மாந்தராக மதித்தோரை நாடி வந்தனரா என்னும் வாதம் அன்றே தொடங்கியது. இவ்விரண்டையும் கத்தியால் வெட்டுவதுபோல் பிரிக்க இயலாது என்றே நாம் கருதுகிறோம். தெலுங்கு நாட்டில் ஓங்கோலில் பணியாற்றிய அமெரிக்கப் பாப்திஸ்து அருட்பணியாளர் கிளப் வேறொரு வழியை மேற்கொண்டார். பக்கிங்காம் கால்வாயின் மூன்றரை மைல் பகுதியை வெட்டும் ஒப்பந்தத்தை ஏற்று, பசித்தோருக்கு வேலை கொடுத்தார். நிவாரணம் நடந்த காலமெல்லாம், ஓராண்டுக்கும் மேலாக, எவருக்கும் திருமுழுக்கு அளிக்க மறுத்துவிட்டார். நிவாரணம் முடிந்தபின், 1878 ஜூலை 3-இல் ஒரே நாளில் 2,222 பேர் திருமுழுக்குப் பெற்றனர். அதன் பின்னும் ஐயுற்றோர் இருந்தனர். ஆனால் கொடுப்பவன் தன் கையிலுள்ள வல்லமையைத் தானே கட்டுப்படுத்த வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்பதில் ஐயமில்லை.

இப்பின்னணியில் 170 டாலரை மீண்டும் நோக்கினால் ஒன்று விளங்கும். சாக்டா மக்களால் அயர்லாந்தினரிடம் எதையும் எதிர்பார்த்திருக்க முடியாது. பெறுவோனை ஆளும் வலிமை அவர்களுக்கு இல்லை. எளியோரின் கொடைக்கு உள்ள தனிச்சிறப்பு இதுவே. வலியோனின் கொடையோ, அவன் எத்துணை நல்லவனாயினும், வலிமையின் கறை படியாமல் வருவது அரிது.

7. கைம்மாறு

1847-இல் கொடுக்கப்பட்டது நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அது மீண்டும் நினைவுக்கு வந்தது. 1990-இல் சாக்டா தலைவர்கள் அயர்லாந்தின் மேயோ வட்டாரத்தில் பஞ்ச நினைவு நடைப்பயணமொன்றில் கலந்துகொண்டனர். 1992-இல் அயர்லாந்தைச் சேர்ந்த சிலர் அமெரிக்கா சென்று, கண்ணீர்ப் பாதையை எதிர்த்திசையில் நடந்து, சோமாலியாவில் அப்போது வாட்டிய பஞ்சத்திற்கு நிதி திரட்டினர். சாக்டா மக்கள் கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் ஆயிரம் டாலர் என்பது அவர்கள் கணக்கு. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது 710 என்னும் அச்சுப்பிழை எண்ணையே. அப்பிழையினால் சோமாலியர் நட்டமடையவில்லை! 1995-இல் அயர்லாந்துக் குடியரசுத் தலைவர் மேரி ராபின்சன் சாக்டா மக்களை நேரில் கண்டு நன்றி கூறினார். 2017-இல் கார்க் வட்டாரத்தின் மிடில்டன் நகரில், ஒன்பது பெரிய எஃகு இறகுகளாலான நினைவுச் சின்னம் திறந்துவைக்கப்பட்டது.

2020-ஆம் ஆண்டில் கொரோனா கொள்ளைநோய் அமெரிக்க ஆதிக்குடிகளான நவஹோ, ஹோப்பி மக்களிடையே கடுமையாகப் பரவியபோது, அவர்களுக்கு உணவும் நீரும் வழங்க ஒரு நிதி தொடங்கப்பட்டது. அயர்லாந்திலிருந்து ஆயிரக்கணக்கான பொதுமக்கள் சிறு சிறு தொகைகளாக அதற்குக் கொடுத்தனர். 1847-இன் நன்றியாகக் கொடுப்பதாகப் பலர் குறிப்பும் எழுதினர். பெற்றவர் சாக்டா மக்கள் அல்லர், வேறு குடிகள். கடன் எவரிடம் பெறப்பட்டதோ அவரிடமே திருப்பித் தரப்பட வேண்டும் என்பது வணிக விதி. இங்கோ, அன்று பசித்திருந்த நாட்டின் மக்கள் இன்று பசித்திருப்போர் யாராயினும் அவர்களுக்குத் தாம் கடன்பட்டதாக உணர்ந்தனர்.

8. வரலாறு விடுக்கும் கேள்வி

சாக்டா மக்களின் கொடையை அறிவித்த 1847-ஆம் ஆண்டுச் செய்தித்தாள், அதனை ஏழை விதவையின் காசோடு ஒப்பிட்டது. ஒப்புமை பொருத்தமானதே. ஆயினும் மாற்கு நற்செய்தியின் பன்னிரண்டாம் அதிகாரத்தை முழுமையாக வாசிப்போர், விதவையின் இரு காசுகளைப் பற்றிய பகுதிக்குச் சற்று முன்னே, விதவைகளின் வீடுகளை விழுங்குவோர் மீது இயேசு கூறும் கடுந்தீர்ப்பைக் காண்பர். நற்செய்தியாளர் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார். நாமோ பல வேளைகளில் காசுகளை மட்டும் எடுத்துக்கொண்டு தீர்ப்பை விட்டுவிடுகிறோம். விதவையைப் போற்றுவது எளிது. அவளுக்கு இரண்டு காசுகள் மட்டுமே எஞ்சியது ஏன் என்று கேட்பது கடினம்.

பஞ்ச நிதிகளின் வரலாறும் இவ்வாறே இருவகையாக எழுதப்படக்கூடும். எளியோரின் ஈகையை மட்டும் எழுதினால், பஞ்சம் ஓர் அழகிய கதைக்குப் பின்னணியாகிவிடும். பத்து இலட்சம் பேரும் ஐம்பது இலட்சம் பேரும் அக்கதையில் மறைந்துபோவர். ஆட்சியாளரின் குற்றத்தை மட்டும் எழுதினால், தம்மால் மாற்ற இயலாத கொடுமையின் நடுவே கைக்கு எட்டியதைச் செய்தவர்களின் மாண்பு மறைந்துபோகும். இரண்டையும் சேர்த்து எழுதுவதே வரலாற்றாசிரியனின் கடமை.

நம் சபைகளில் பெண்கள் உலை வைக்குமுன் பிடியரிசி எடுத்து வைக்கும் வழக்கம் நெடுநாளையது. புயலும் வெள்ளமும் கடற்கோளும் நேர்ந்த காலங்களில் அவ்வரிசியும் காசும் எத்தனையோ பேருக்கு உதவியதைத் தமிழகத் திருச்சபைகள் அறியும். அதனை எளிதாக எண்ண வேண்டாம். அதே வேளையில், அணை ஏன் உடைந்தது, எச்சரிக்கை ஏன் எட்டவில்லை, தாழ்ந்த நிலத்தில் எப்போதும் ஒரே சாராரே ஏன் குடியிருக்க நேர்கிறது என்று கேட்காமல், பிடியரிசியோடு நம் கடமை தீர்ந்தது என்றும் எண்ண வேண்டாம். குவேக்கர்கள் இரண்டையும் செய்தனர். கஞ்சிக் கொப்பரையைத் தூக்கிய அதே கைகளால் அரசுக்குக் கடிதமும் எழுதினர். கொடுப்பதை நாம் அவ்வப்போது செய்துகொண்டுதான் இருக்கிறோம். கடிதத்தை எழுதுகிறோமா என்பதே நம்முன் நிற்கும் கேள்வி.